விழுந்த பாக்கெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது: வாங்கும் லினக்ஸ் கணினிக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

அனுப்பிய கணினி 1,00,000 யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் தரவை அனுப்பும் நெறிமுறை) பாக்கெட் அனுப்பியதாகச் சொல்கிறது. வாங்கிய நிரலின் கணக்கில் 99,400தான் இருக்கிறது. மீதி 600 எங்கே போயின? டிசிபி என்ற மற்ற நெறிமுறையாக இருந்தால் தொலைந்ததை அதுவே மறுபடி கேட்டு வாங்கிவிடும். வேகம் குறையும், தரவு குறையாது. யூடிபியில் அப்படிக் கேட்க யாரும் இல்லை. தொழிற்சாலைக் கேமரா, மல்டிகாஸ்ட் (ஒரே அனுப்பலைப் பலர் வாங்கும்) வீடியோ, நெட்ஃப்ளோ (நெட்வொர்க் போக்குவரத்துக் கணக்கு), சிஸ்லாக் (பதிவுச் செய்திகள்), அளவீட்டுக் கருவிகள் என யூடிபியை நம்பி ஓடும் எல்லா இடத்திலும் இழப்பைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வாங்கும் பக்கத்தின் மீதே விழுகிறது.

ஒரு பாக்கெட் கம்பியிலிருந்து நிரலின் கைக்கு வருவதற்குள் பல இடங்களில் காத்திருக்கிறது. முதலில் நெட்வொர்க் கார்டுக்குள் இருக்கும் சிறிய நினைவகம். அடுத்து, கணினியின் முதன்மை நினைவகத்தில் கார்டு நேரடியாக எழுதிவைக்கும் ரிங் பஃபர். அதைக் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சாஃப்ட்ஐஆர்க்யூ என்ற பின்னணி வேலை எடுத்து மேலே அனுப்புகிறது. சில அமைப்புகளில் நடுவே சிபியு வாரியான பேக்லாக் வரிசை ஒன்றும் உண்டு. பிறகு ஐபி அடுக்கு, ஃபயர்வால், கடைசியாக, நிரல் படிக்கும்வரை பாக்கெட் காத்திருக்கும் சாக்கெட் பஃபர். இதில் எந்த இடமும் நிரம்பி வழியலாம். வழிந்தால் அந்த இடம் தன் கணக்கைத் தன் கவுன்டரில் மட்டும் எழுதிக்கொள்ளும். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றைக் கவுன்டர் லினக்ஸில் கிடையாது.

ஆகவே இழப்பு நடந்ததா என்பது ஒரு கேள்வி, எங்கே நடந்தது என்பது வேறு கேள்வி. கீழே வரும் வழிகளில் முதல் கேள்விக்கு நம்பகமாகப் பதில் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மற்றவை எல்லாம் இரண்டாவது கேள்விக்கானவை, அதிலும் ஒவ்வொன்றும் பாதையின் ஒரு துண்டை மட்டும் பார்ப்பவை.

முதலில் கால அளவு

எந்த இடம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்தால் எதை முதலில் சந்தேகிப்பது என்பது தானே தெளிவாகும். 1 கிகாபிட் இணைப்பில் 1500 பைட் பாக்கெட் ஒன்று, ஈதர்நெட் தலைப்பு, முன்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். நொடிக்கு அதிகபட்சம் 81,274 பாக்கெட். ரிங் பஃபரில் 256 இடம் இருந்தால் அது நிரம்ப 3 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும்.

சாக்கெட் பஃபரைப் பாருங்கள். லினக்ஸில் நெடுங்காலமாக இருந்துவரும் இயல்பு அளவு 2,12,992 பைட். 1500 பைட் பாக்கெட்டில் 140 கொள்ளும் என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். ஆனால் கர்னல் தரவின் நீளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தப் பாக்கெட்டுக்காக ஒதுக்கிய மொத்த நினைவகத்தை எடுக்கிறது. பாக்கெட்டுக்கு 2048 பைட் துண்டு ஒதுக்கும் டிரைவரில், கர்னலின் சொந்தக் குறிப்புகளும் சேர்ந்து ஒன்றுக்கு 2304 பைட் ஆகிவிடும். அப்போது கொள்ளளவு 92 பாக்கெட். முழு வேகத்தில் அது 1.1 மில்லி நொடி. உங்கள் நிரல் 2 மில்லி நொடி வேறு வேலை பார்த்தாலே பாக்கெட் விழும். கார்டைக் குறை சொல்லும் முன் சாக்கெட்டைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வரிசை எண்: நடந்ததா என்று சொல்லும் ஒரே வழி

அனுப்புபவர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஏறுமுகமாக ஒரு எண் போடுகிறார். வாங்குபவர் எதிர்பார்த்த எண்ணோடு வந்த எண்ணை ஒப்பிடுகிறார். அவ்வளவுதான். ஆனால் பாதையின் எந்த மூலையில் விழுந்தாலும், ஸ்விட்சுக்குள் விழுந்தாலும்கூட, இது காட்டிக்கொடுத்துவிடும். வேறு எந்த வழிக்கும் இந்த ஆற்றல் இல்லை.

நெறிமுறை உங்களுடையதாக இருந்தால் 64 பிட் எண் வையுங்கள். 8 பைட் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம். 16 பிட் எண் 65,536இல் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நொடிக்கு 1000 பாக்கெட் வந்தால் 65 நொடிக்கு ஒரு சுற்று. ஒரு முழுச் சுற்று நேரம் இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால் 65,536 பாக்கெட் தொலைந்ததே தெரியாமல் போய்விடும். 32 பிட் எண்கூட நொடிக்கு 10 லட்சம் பாக்கெட்டில் 71 நிமிடத்தில் சுற்றிவிடும். ஒலி, ஒளி அனுப்பும் ஆர்டிபி நெறிமுறை 16 பிட்டில்தான் இயங்குகிறது. அதற்காக 2003இல் வந்த அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 3550 தன் பின்னிணைப்பில் சுற்றுக்களை எண்ணும் முறையை நிரலாகவே தருகிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்வது புதிதாக எழுதுவதைவிட நல்லது.

எழுதும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. எண் தாவியவுடன் இழப்பு என்று எழுதிவிடக் கூடாது. பாக்கெட் முன்பின்னாகவும் வரும். கடைசியாகப் பார்த்த பெரிய எண்ணுக்கு முந்தைய 1024 இடங்களுக்கு ஒரு பிட் வரைபடம் வைத்துக்கொண்டு, ஓர் எண் அந்தச் சாளரத்தைவிட்டு வெளியேறும்போது வராமலே இருந்தால் அப்போது இழப்பு என்று கணக்கெழுதுங்கள். அதே வரைபடம் இரட்டிப்பாக வந்ததையும் காட்டிவிடும். அனுப்பும் நிரல் மறுபடி தொடங்கினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். தலைப்பில் அமர்வு எண் ஒன்று இல்லாவிட்டால் அதைப் பழைய பாக்கெட் என்று நினைத்து எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். பல அனுப்புநர்கள் இருந்தால் முகவரி, போர்ட், அமர்வு மூன்றும் சேர்ந்த சாவிக்கு ஒரு கணக்கு வேண்டும்.

கடைசி பாக்கெட் விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த எண் வராத வரை இடைவெளி தெரியாது. இதற்கு இதயத்துடிப்புப் பாக்கெட் தேவை: தரவு இல்லாதபோதும் நொடிக்கு ஒரு முறை, இதுவரை அனுப்பிய கடைசி எண்ணைச் சொல்லும் சிறு பாக்கெட். மல்டிகாஸ்டில் இது இன்னும் முக்கியம். ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்பும் வசதி) இருந்து, குழு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் குவெரியர் எங்கும் இல்லையென்றால், பல ஸ்விட்சுகள் 260 நொடிக்குப் பிறகு அந்தப் போர்ட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். நாலு நிமிடத்துக்கு மேல் நன்றாக ஓடிப் பிறகு அமைதி. வாங்கும் கணினியில் எந்தப் பிழைக் கவுன்டரும் ஏறாது, ஏனெனில் எதுவும் வரவே இல்லை. இதயத்துடிப்பு நின்றதை வைத்து மட்டுமே கண்டுகொள்ள முடியும்.

ஏற்கெனவே எண் இருக்கும் நெறிமுறைகளில் அதன் பொருளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நெட்ஃப்ளோ 5ஆம் பதிப்பின் வரிசை எண் ஃப்ளோக்களை (ஒரே உரையாடலைச் சேர்ந்த பாக்கெட் தொகுதிகளை) எண்ணுகிறது, பாக்கெட்டுகளை அல்ல. 9ஆம் பதிப்பு பாக்கெட்டுகளை எண்ணுகிறது. அதன் வழிவந்த ஐபிஃபிக்ஸ் மறுபடியும் தரவுப் பதிவுகளை எண்ணுகிறது. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டால் இல்லாத இழப்பு தெரியும். யூடிபி சிஸ்லாக்கில் நம்பத்தக்க எண் எதுவும் பொதுவாக வராது. அங்கே இந்த வழியே இல்லை.

இதன் குறை ஒன்றுதான்: 600 போயிற்று என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது.

சாக்கெட் கவுன்டர்கள்

நிரல் மெதுவாக எடுத்ததால் விழுந்ததா என்பதை அறிய நான்கு வழிகள் உண்டு. நான்கும் பெரும்பாலும் ஒரே நிகழ்வைத்தான் எண்ணுகின்றன. யார், எங்கிருந்து படிக்கலாம் என்பதில்தான் வேறுபாடு.

நிரலை எழுதுபவருக்கு மிகச் சிறந்தது எஸ்ஓ_ஆர்எக்ஸ்க்யூ_ஓவிஎஃப்எல் என்ற சாக்கெட் விருப்பம். லினக்ஸ் 2.6.33 முதல் இருக்கிறது. அதை இயக்கிவிட்டு ரெசிவ்எம்எஸ்ஜி அழைப்பால் படித்தால், பாக்கெட்டோடு துணைத் தகவலாக 32 பிட் எண் ஒன்று வரும்: இந்தச் சாக்கெட் தொடங்கியதிலிருந்து இதுவரை விழுந்தவை எத்தனை என்று. ரூட் அனுமதி வேண்டாம், தனி நிரல் வேண்டாம், எந்தப் பாக்கெட்டுக்கு முன் விழுந்தது என்பதும் தெரியும். இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். எண் பூஜ்யமாக இருக்கும்வரை அந்தத் துணைத் தகவல் வரவே வராது. வரவில்லை என்பதைப் பிழையாக எண்ண வேண்டாம். மேலும், அந்த எண் பாக்கெட் வரிசையில் சேர்ந்த நேரத்தில் ஒட்டப்படுவது, நீங்கள் படித்த நேரத்தில் அல்ல. கடைசியாக விழுந்தவை அடுத்த பாக்கெட் வந்த பிறகே தெரியவரும்.

நிரலைத் தொட முடியாதென்றால் சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை -யுஏஎம்பிஎன் விருப்பங்களோடு ஓட்டுங்கள். எஸ்கேமெம் என்று தொடங்கும் அடைப்புக்குள் ஆர் என்பது இப்போது நிரம்பியிருக்கும் அளவு, ஆர்பி என்பது எல்லை, கடைசியில் வரும் டி என்பது விழுந்தவை. மூன்றில் அதிகம் உதவுவது ஆர்தான்: அது ஆர்பியின் பாதியைத் தொட்டுத்தொட்டு இறங்குகிறதென்றால் இழப்பு இன்னும் தொடங்கவில்லை, ஆனால் தொலைவில் இல்லை. இதே டி எண்தான் /ப்ராக்/நெட்/யூடிபி கோப்பின் கடைசி நெடுவரிசையிலும் இருக்கிறது. சாக்கெட் மூடியதும் இரண்டிலும் அந்த வரியே மறைந்துவிடும். நிரல் விழுந்து எழுந்தால் சாட்சியும் போய்விடும்.

கர்னல் கணக்குகளைக் காட்டும் என்ஸ்டாட் கட்டளையின் யூடிபிஆர்சிவிபஃப்எரர்ஸ் அப்படி மறையாது, ஏனெனில் அது எல்லா சாக்கெட்டுக்கும் பொதுவான கூட்டல். எந்த நிரல் என்று சொல்லாது என்பது அதன் விலை. கூடவே யூடிபிஇன்எரர்ஸ் என்பதும் ஏறும். அதில் இது அடக்கம், இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். யூடிபிநோபோர்ட்ஸ் என்பது கேட்க ஆளில்லாத போர்ட்டுக்கு வந்தவை, அது வேறு கணக்கு. என்ஸ்டாட் கட்டளை தன் முந்தைய ஓட்டத்திலிருந்து மாறியதை மட்டும் காட்டும், பூஜ்யங்களை மறைத்துவிடும். மொத்தத்தைப் பார்க்க -ஏ, பூஜ்யத்தையும் பார்க்க -இசட் சேர்க்க வேண்டும். கண்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்கு, இந்தக் கவுன்டர்கள் அந்தக் கண்டெய்னரின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் (பிரித்துவைத்த நெட்வொர்க் சூழல்) தனியாக இருக்கின்றன. வெளியே நின்று பூஜ்யம் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்; என்எஸ்என்டர் கட்டளை மூலம் உள்ளே போய்ப் பாருங்கள்.

சாக்கெட்தான் காரணம் என்று தெரிந்தபின் செய்ய வேண்டியதில் ஒரு பொறி உண்டு. பஃபர் அளவைக் கேட்கும் எஸ்ஓ_ஆர்சிவிபஃப் விருப்பம் மூலம் 4 எம்பி கேட்டால், நெட்.கோர்.ஆர்மெம்_மேக்ஸ் என்ற கணினி அளவிலான எல்லை அதைவிடச் சிறியதாக இருந்தால், கர்னல் பிழை எதுவும் சொல்லாமல் அந்த எல்லைக்கே வெட்டிவிடும். அழைப்பு வெற்றி என்றே திரும்பும். உடனே கெட்சாக்ஆப்ட் அழைப்பால் கிடைத்த அளவைப் பாருங்கள். கேட்டதன் இரு மடங்கு காட்டினால் கிடைத்துவிட்டது, கர்னல் தன் குறிப்புகளுக்காக இரட்டிப்பது வழக்கம். 20 மில்லி நொடி நிற்கும் நிரலுக்கு மேலே சொன்ன வேகத்தில் 1,625 பாக்கெட், 2304 பைட் கணக்கில் 3.7 எம்பி வேண்டும். 4 எம்பி கேட்டு 8 எம்பி கிடைத்தால் போதுமான இடம். ஆனால் சராசரியாகவே நிரல் வரவைவிட மெதுவாக ஓடுகிறதென்றால் எந்த அளவு பஃபரும் இழப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. ரெசிவ்எம்எம்எஸ்ஜி மூலம் ஓர் அழைப்பில் பல பாக்கெட் எடுப்பது, எழுதும் வேலையைத் தனி இழைக்கு மாற்றுவது ஆகியவைதான் அங்கே மருந்து.

கார்டும் டிரைவரும்

ஈத்டூல் கட்டளையைப் பெரிய எஸ் விருப்பத்தோடு ஓட்டினால் கார்டு தன் கணக்கைக் கொட்டும். சிக்கல் பெயர்களில் இருக்கிறது. இன்டெல் கார்டுகளில் ஆர்எக்ஸ்_மிஸ்டு_எரர்ஸ், ஆர்எக்ஸ்_நோ_பஃபர்_கவுன்ட். மெல்லனாக்ஸ் எம்எல்எக்ஸ்5 டிரைவரில் ஆர்எக்ஸ்_அவுட்_ஆஃப்_பஃபர், ஆர்எக்ஸ்_டிஸ்கார்ட்ஸ்_பிஎச்ஒய். டிரைவருக்கு டிரைவர் மாறும், பொருளும் மாறும். ஆர்எக்ஸ்_நோ_பஃபர்_கவுன்ட் ஏறினால் ரிங்கில் இடம் இல்லாத தருணம் வந்தது என்றுதான் பொருள். கார்டின் உள் நினைவகத்தில் இடம் இருந்தால் பாக்கெட் பிழைத்திருக்கும். ஆர்எக்ஸ்_மிஸ்டு_எரர்ஸ் ஏறினால் போனது போனதுதான். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்த பாக்கெட்) ஏறுகிறதென்றால் கர்னலைத் தொடாதீர்கள்; கேபிள், எஸ்எஃப்பி இணைப்பு மாட்யூல், ஸ்விட்ச் போர்ட் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள்.

ரிங் அளவை ஈத்டூல் -ஜி காட்டும், பெரிய எழுத்து ஜி மாற்றும். பல கார்டுகளில் இயல்பாக 256 அல்லது 512 இருக்கும், 4096 வரை கூட்டலாம். மாற்றும் நொடியில் சில டிரைவர்கள் இணைப்பை அறுத்து மீண்டும் இணைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பதிவின் நடுவே செய்ய வேண்டாம்.

ஐபி கட்டளையின் ஆர்எக்ஸ் டிராப்டு எண் பலரை அலைக்கழித்திருக்கிறது. கர்னலுக்குப் புரியாத வகைப் பாக்கெட்டுகளும் அதில் சேர்கின்றன. ஸ்விட்ச் 30 நொடிக்கு ஒரு முறை அனுப்பும் எல்எல்டிபி (தன்னை அறிமுகப்படுத்தும் செய்தி), 2 நொடிக்கு ஒரு முறை அனுப்பும் எஸ்டிபி (இணைப்பில் வளையம் தவிர்க்கும் செய்தி) ஆகியவற்றை வாங்கிக்கொள்ள யாரும் இல்லாவிட்டால் அவை விழுந்தவை என்று எழுதப்படும். வேலையே இல்லாத கணினியிலும் எண் சீராக ஏறும். சந்தேகம் தீர எளிய சோதனை: பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுப் பாருங்கள். அது ஓடும்வரை ஏற்றம் நின்றால், ஏறியது இந்த வகைதான். டிசிபிடம்ப் எல்லா வகையையும் வாங்கிக்கொள்வதால் அவற்றுக்கு ஓர் ஆள் கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த எண்ணின் மீது எச்சரிக்கை மணி கட்டுவது சரியல்ல.

பாஸ் ஃப்ரேம் இயங்கும் இணைப்பில் வேறு ஏமாற்றம். கார்டு நிரம்பும்போது ஸ்விட்சைப் பொறுக்கச் சொல்லும். ஸ்விட்ச் தன் வரிசை நிரம்பியதும் தானே பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். உங்கள் கணினியில் எல்லா இழப்புக் கவுன்டரும் பூஜ்யம், குற்றவாளியும் உங்கள் கணினியேதான். ஈத்டூல் -ஏ பார்த்து, இன்டெல் கார்டானால் டிஎக்ஸ்_ஃப்ளோ_கன்ட்ரோல்_எக்ஸ்ஆஃப் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

மெய்நிகர் கணினிகளில் கார்டின் கணக்கு பாதிதான். லினக்ஸின் மெய்நிகராக்கமான கேவிஎம்மில் விருந்தினர் கணினி மெதுவாக எடுத்தால், விழுவது ஹோஸ்டின் டேப் (விருந்தினரை இணைக்கும் மெய்நிகர் கார்டு) இடைமுகத்தில், அதுவும் அனுப்பும் பக்கக் கணக்கில். அமேசான் மேகத்தில் ஈஎன்ஏ நெட்வொர்க் டிரைவர் பிபிஎஸ்_அலவன்ஸ்_எக்ஸீடட் என்ற கவுன்டரைத் தருகிறது. அது ஏறினால் வாங்கிய கணினி வகையின் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள், கர்னலில் எதைத் திருகியும் பயனில்லை.

சாஃப்ட்நெட்_ஸ்டாட்

சுருக்கமாக. /ப்ராக்/நெட்/சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பில் சிபியுவுக்கு ஒரு வரி, எல்லாம் பதினாறடிமான எண்கள். இரண்டாவது நெடுவரிசை பேக்லாக் வரிசை நிரம்பி விழுந்தவை; ஆர்பிஎஸ் (பாக்கெட் வேலையைப் பல சிபியுக்களுக்குப் பகிர்வது) இயக்கியிருந்தால், அல்லது கண்டெய்னர்களின் வீஈத் மெய்நிகர் இணைப்புகளில், இது உண்மையான இழப்பு. இயல்பு எல்லை 1000, நெட்.கோர்.நெட்தேவ்_மேக்ஸ்_பேக்லாக் மூலம் கூட்டலாம். மூன்றாவது நெடுவரிசை, ஒரு சுற்றுக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்தும் வேலை மீதம் இருந்த தடவைகள். அது இழப்பு அல்ல. அதைப் பார்த்துப் பதறி அமைப்புகளை மாற்றுவது வழக்கமான தவறு.

கர்னலிடமே கேட்பது

கர்னல் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப்போடும்போது கேஃப்ரீ_எஸ்கேபி என்ற தடம் பதிகிறது. முறையாகப் பயன்படுத்தி முடித்ததற்கு வேறு பெயர். டிராப்வாட்ச், பெர்ஃப், பிபிஎஃப்டிரேஸ் என்ற கருவிகள் மூன்றும் இந்தத் தடத்தைப் படிக்கின்றன. லினக்ஸ் 5.17 முதல் காரணமும் கூடவே வருகிறது: சாக்கெட் பஃபர் நிரம்பியது, கேட்கும் சாக்கெட் இல்லை, செக்சம் தவறு, ஃபயர்வால் அடுக்கான நெட்ஃபில்டர் கீழே போட்டது, திரும்பு பாதைச் சோதனை தோற்றது என்று. பழைய கர்னலில் எந்தச் செயற்கூறில் விழுந்தது என்ற பெயர் மட்டும் கிடைக்கும். மூலநிரலைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மற்ற எந்தக் கவுன்டரிலும் பிடிபடாத புதிர்களுக்கு இது இணையற்றது. இரண்டு கார்டு உள்ள கணினியில் மல்டிகாஸ்ட் ஒரு கார்டில் வருகிறது, அனுப்புநருக்கான பாதை மற்ற கார்டு வழியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பு பாதைச் சோதனைக்கான ஆர்பி_ஃபில்டர் அமைப்பு 1 என்று இருந்தால் கர்னல் அத்தனையையும் ஓசையில்லாமல் போட்டுவிடும். டிசிபிடம்ப்பில் எல்லாம் தெரியும், நிரலுக்கு ஒன்றும் வராது. காரணத்தோடு வரும் தடம் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். (என்ஸ்டாட்டில் டிசிபிஎக்ஸ்ட்ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர் என்ற வரியும் ஏறும், தேடத் தெரிந்தால்.) திருத்தும்போது அந்தக் கார்டுக்கான மதிப்பு, ஆல் என்பதற்கான மதிப்பு இரண்டில் பெரியதே செல்லும் என்பதை மறக்காதீர்கள்; 1ஐ 0 ஆக்க இரண்டையும் மாற்ற வேண்டும்.

எல்லையும் தெளிவானது. கார்டில் விழுந்த பாக்கெட் கர்னலுக்குள் வரவே இல்லை, ஆகவே தடமும் இல்லை. ரூட் அனுமதி வேண்டும். ஃபயர்வால் நொடிக்கு லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும் கணினியில் இதை இயக்கினால் அளப்பதே சுமையாகும். எப்போதும் ஓடவிட இது தகுந்ததல்ல; தேடும்போது எடுத்து, முடிந்ததும் நிறுத்த வேண்டியது.

டிசிபிடம்ப்பும் ஐபெர்ஃபும்

டிசிபிடம்ப் முடியும்போது கர்னல் இத்தனை பாக்கெட் போட்டது என்று எழுதும். அந்த எண் டிசிபிடம்ப்பின் சொந்த பஃபர் நிரம்பியதால் அதற்குக் கிடைக்காமல் போனவை. உங்கள் நிரலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இழப்பைக் கண்டுபிடிக்கும் முதல் கருவியாக இதை எடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. எல்லாப் பாக்கெட்டையும் நகலெடுப்பதால், விளிம்பில் ஓடும் கணினியில் அதுவே புது இழப்பை உண்டாக்கும்.

ஆனால் வரிசை எண் இருந்தால் இதற்கு ஓர் அருமையான பயன் உண்டு. டிசிபிடம்ப் பார்க்கும் இடம் டிரைவருக்கும் பேக்லாக்கிற்கும் பின்னால், ஃபயர்வாலுக்கும் சாக்கெட்டுக்கும் முன்னால். -பி 65536 என்று பெரிய எழுத்து பியில் 64 எம்பி பஃபர், -எஸ் 96 என்று தலைப்பகுதி மட்டும், -டபிள்யூ மூலம் கோப்பில் எழுத்து. அதன் சொந்த இழப்பு பூஜ்யமாக இருக்கும் ஓட்டத்தில், கோப்பிலும் எண் இடைவெளி இருந்தால் விழுந்தது கம்பி, ஸ்விட்ச், கார்டு, பேக்லாக் பக்கம். கோப்பில் முழுமையாக இருந்து நிரலில் இல்லையென்றால் ஃபயர்வால், சாக்கெட் பக்கம். பாதையை நடுவில் வெட்டிப் பார்க்க இதைவிட எளிய கத்தி இல்லை.

நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 புதுக் கணினியை வேலைக்கு ஏற்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியது. -யு விருப்பத்தில் தன் சொந்த வரிசை எண்ணோடு அனுப்பி, விழுந்தவை எத்தனை என்று சொல்லும். வேகம் குறிப்பிடாவிட்டால் யூடிபியில் நொடிக்கு 1 மெகாபிட்டில்தான் ஓடும். -பி 900எம் என்று சிறிய பியில் கொடுங்கள். பழைய பதிப்புகள் 8 கேபி துண்டுகளாக அனுப்பும். அது ஆறாக உடைந்து, அதில் ஒன்று விழுந்தாலும் முழுதும் போய், இழப்பு பெருத்துக் காட்டும். -எல் 1472 கொடுத்தால் ஒன்றுக்கு ஒன்று. அது சொல்வது அதன் சாக்கெட்டின் கதை, உங்கள் நிரலின் கதை அல்ல.

விண்டோஸில் வாங்குபவர்களுக்கு: பவர்ஷெல்லின் கெட்-நெட்அடாப்டர்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கார்டு கணக்கையும், விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து உடன்வரும் பிகேடிமான் எந்த அடுக்கில் விழுந்தது என்பதையும் தரும். வரிசை எண் பற்றிச் சொன்னது அங்கும் அப்படியே பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இரு முனையின் நிரலும் உங்கள் கையில் என்றால் யோசிக்கவே வேண்டாம்: 64 பிட் எண், அமர்வு எண், இதயத்துடிப்பு, வாங்கும் பக்கத்தில் எஸ்ஓ_ஆர்எக்ஸ்க்யூ_ஓவிஎஃப்எல். ஒரே பதிவு வரியில் இரண்டு எண்களையும் எழுதுங்கள். எண் இடைவெளி 600, சாக்கெட் இழப்பு 600 என்றால் உங்கள் நிரல்தான். இடைவெளி 600, சாக்கெட் 0 என்றால் கீழே இறங்கித் தேட வேண்டும். பாதித் தேடல் அந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது.

அனுப்புபவர் உங்கள் கையில் இல்லை, எண்ணும் இல்லை என்றால், சிஸ்லாக் வாங்கி போல, என்ஸ்டாட், எஸ்எஸ், ஈத்டூல் மூன்றையும் 10 நொடிக்கு ஒரு முறை எடுத்து வேறுபாட்டைச் சேமியுங்கள். கணினிக்குள் வந்தபின் விழுந்தவை தெரியும். அதற்கு முன் விழுந்தவை தெரியாது. ஸ்விட்ச் போர்ட்டின் வெளியேறும் கணக்கையும் கேட்டு வாங்கி ஒப்பிடுவதுதான் மிச்சமிருக்கும் வழி.

நூறு கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு கண்காணிப்பு மென்பொருளான ப்ராமிதியஸின் நோட் எக்ஸ்போர்ட்டர் யூடிபி, சாஃப்ட்நெட் கணக்குகளை இயல்பாகவே எடுக்கிறது. ஈத்டூல் சேகரிப்பான் அதில் அணைந்திருக்கும். தனியாக இயக்க வேண்டும். மணி கட்டுவதானால் ஆர்சிவிபஃப்எரர்ஸ், கார்டின் மிஸ்டு வகைக் கவுன்டர், சாஃப்ட்நெட்டின் இரண்டாவது நெடுவரிசை, இம்மூன்றின் மீது கட்டுங்கள்.

எதை அமைத்தாலும் நம்பும் முன் வேண்டுமென்றே ஒரு முறை பாக்கெட்டை விழவைத்துப் பாருங்கள். தரவு ஓடிக்கொண்டிருக்கும்போது வாங்கும் நிரலுக்கு கில் -ஸ்டாப் கொடுத்து 2 நொடி நிறுத்தி, -கான்ட் மூலம் மீண்டும் ஓடவிடுங்கள். வரிசை எண்ணின் இடைவெளி, சாக்கெட்டின் டி, அந்தத் துணைத் தகவல், மூன்றும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஆர்சிவிபஃப்எரர்ஸ் அதற்குக் குறையாமல் ஏற வேண்டும். பிறகு ஃபயர்வால் கட்டளையான ஐபிடேபிள்ஸின் ஸ்டாட்டிஸ்டிக் தொகுதியால் இன்புட் சங்கிலியில் 0.01 நிகழ்தகவில் டிராப் விதி ஒன்று போடுங்கள். இப்போது எண் இடைவெளி நூற்றுக்கு ஒன்று ஏற வேண்டும், சாக்கெட் கணக்கு அசையக் கூடாது, விதியின் சொந்தக் கவுன்டர் இடைவெளியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் பெரும்பாலும் சாளரக் கணக்கில் பிழை. அதைத் திருத்திவிட்டு, விதியை நீக்க மறக்காமல், கணினியை வேலைக்கு விடுங்கள்.